படத்தின் ஓரத்தில் ஒரு குடை

காலிம்போங்
5 டிசம்பர் 1993

அன்புத் தங்கை ஷோபாவுக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. நானும் ரமிலாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் குறைந்ததா? வீட்டு முகவரிக்கு எழுதினால் தபால்காரர் நேரே துணிக்கடையில் அப்பா கையில் கொடுத்துவிடுவார். அதனால்தான் நீ படம் கழுவுகிற ஸ்டூடியோவுக்கு எழுதுகிறேன்.

இங்கே மேகம் காலையிலேயே பண்ணைக்குள் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் பூச்செடிப் பண்ணையில் நான்கு கண்ணாடிக் கொட்டகைகள். உள்ளே ஆர்க்கிட், வெளியே மேகம். எது எங்கே முடிகிறது என்று சில நாள் எனக்கே தெரியாது. ரமிலா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். "உங்க வீட்லருந்து ஒரு வரிகூட வராதா? நான் சொக்குப்பொடி போட்டு இழுத்துட்டு வந்துட்டேன்னு அசன் கடைவீதி பூரா பேச்சா இருக்கும்" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

போன மாதம் நம் வருஷப் பிறப்பு. வழக்கம்போல அம்மா தரையை மெழுகி, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாவால் ஒரு மண்டலக் கோலம் வரைந்திருப்பாள். நீங்கள் எல்லோரும் அவரவர் மண்டலத்தின் முன்னால் உட்கார்ந்து, தன் உடம்பையும் உயிரையும் தானே வணங்கும் மஹ பூஜையைச் செய்திருப்பீர்கள். நான் கல்கத்தாவில் படித்த காலத்தில் ஊரில் இல்லாவிட்டாலும் எனக்கென்று ஒன்று வரைந்து திரி ஏற்றுவாள். வெளியூரில் இருப்பவன் ஆயுசுக்கு அது காவல். இந்த வருஷம் எனக்கு வரைந்தாளா?

"இனிமே என் முகத்துல முழிக்காத. நானும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அப்பா சொன்னதை வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அது இருக்கட்டும். அந்த மண்டல வரிசையிலிருந்தே என்னை எடுத்துவிட்டாரா என்பதை மட்டும் நான் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவும் கையுமாக அலைகிறவள் நீ, கட்டாயம் அதைப் படம் எடுத்திருப்பாய். ஒரு பிரதி அனுப்பு. நம் தெருக்களையும் கொஞ்சம் அனுப்பு. கண்ணை மூடினால் அவை கலங்கலாகத்தான் தெரிகின்றன.

அம்மாவிடம் மட்டும் என் நமஸ்காரத்தைச் சொல்.

உன் அண்ணன்,
ஹர்ஷ ரத்ன


காத்மாண்டு
28 டிசம்பர் 1993

செடிகொடிகளோடு குடித்தனம் நடத்தும் என் அண்ணனுக்கு, தாஜுவுக்கு,

தங்கையின் நமஸ்காரம். அண்ணி நலமா? அம்மாவின் முழங்கால் மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறது, நன்றாகத்தான் இருக்கிறாள். அப்பாவின் இருமல் கடைக்கு வருகிறவர்களை விரட்டும் அளவுக்குத் தேறியிருக்கிறது.

பத்திரிகைக்காக நான் எடுப்பதெல்லாம் மந்திரி ரிப்பன் வெட்டுவது, மந்திரி விளக்கேற்றுவது, மந்திரி கொட்டாவி விடுவது. இதில் கொட்டாவிப் படத்தை ஆசிரியர் போட மாட்டேன் என்கிறார். விடிந்ததும் வேலைக்குப் போகும் வரையில் கிடைக்கும் நேரம்தான் எனக்குச் சொந்தம். அப்போது எடுத்தவற்றில் மூன்று அனுப்பியிருக்கிறேன்.

முதலாவது, பல்வலிச் சாமி. மரக்கட்டை முழுக்க ஆணியடித்த அதே சாமிதான். இப்போது எதிர்ச்சாரி பூராவும் பல் டாக்டர் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகள் வரிசையாகச் சிரிக்கின்றன. கன்னம் வீங்கிய ஒரு மனுஷன் சாமிக்கு ஆணி அடித்துவிட்டு, கையோடு தெருவைத் தாண்டி டாக்டரிடம் போனான். அவன் பாதித் தெருவில் இருக்கும்போது எடுத்தேன். இரண்டாவது, ஓட்டுக் கூரைமேல் டிஷ் ஆண்டெனாவைக் குப்புறப் படுக்க வைத்து ஒரு பெண் மிளகாய் காயப் போடுகிறாள். மூன்றாவது, திரிபுரேஸ்வரில் மூடுபனிக்குள் டிராலி பஸ். பஸ் தெரியாது, கம்பி மட்டும் தெரியும். கம்பியைப் பார்த்தபடி ஜனங்கள் நிற்கிறார்கள்.

அப்பாவுக்குப் புதிதாக ஒரு வியாதி வந்திருக்கிறது. தினமும் காலையில் தேநீரை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எந்தப் பக்கம் போறே?" என்று கேட்கிறார். போலீஸ்காரன்கூட இப்படிக் கேட்க மாட்டான். எவனாவது மாப்பிள்ளையை அந்தத் தெருவில் நிறுத்தி வைக்கப் போகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

குளிரில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள். அண்ணியிடம் என் அன்பைச் சொல்.

உன் ஷோபா


காலிம்போங்
20 ஜனவரி 1994

ஷோபா, நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். அம்மாவுக்குக் கடுகெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடு, சோம்பல் படாதே.

படங்களைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். ஈரத்தில் அவற்றின் ஓரம் சுருண்டுகொள்கிறது. காலையில் எழுந்ததும் நான் முதலில் போவது திரிபுரேஸ்வருக்குத்தான். அந்தப் பனியில் நின்று கொஞ்ச நேரம் டிராலி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பிறகு ரமிலா அதட்டி எழுப்பினால் பண்ணைக்குப் போகிறேன். ஒரு நாள் கொட்டகைக்குள் நடக்கும்போது மிளகாய் நெடி வந்தது. நிஜமாகவே வந்தது. ரமிலாவிடம் சொன்னேன். "மூக்கைக் காட்டு டாக்டர்கிட்ட, இல்லேன்னா மூக்குக்கும் ஒரு சாமி இருக்கான்னு உன் தங்கச்சியைக் கேளு" என்றாள்.

நான் கேட்ட படம் அதில் இல்லை. மறந்துவிட்டாயோ?

ரமிலாவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குலத்தில் பிறந்துவிட்டோம், அவள் வீட்டார் இறைச்சிக் கடை வைத்திருப்பவர்கள், இதையெல்லாம் அப்பா என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். கோபம் ஆறும், ஆனால் சொன்ன சொல்லிலிருந்து அவர் இறங்க மாட்டார். நினைவிருக்கிறதா, கருவாட்டுச் சண்டையில் மேல்மாடிச் சித்தப்பாவிடம், "இனிமே உன் நிலைப்படியை மிதிக்க மாட்டேன்" என்றாரே! பிறகு சித்தப்பா மகனுக்குச் சோறூட்டும் விசேஷம் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேட்டியைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியை ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே போனார். மிதிக்கவில்லை. சொன்ன சொல்லும் தப்பவில்லை, விருந்தும் தப்பவில்லை.

எனக்கு அப்படித் தாண்ட ஒரு படி கிடைக்குமா என்றுதான் பார்க்கிறேன். மஹ பூஜைப் படத்தை அனுப்பு.

அண்ணன்


காத்மாண்டு
24 பிப்ரவரி 1994

தாஜுவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், அதற்குக் கூலியாக வசவும் வாங்குகிறேன்.

மஹ பூஜையன்று எடுத்த ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது. ஒன்றும் தேறவில்லை. வேறு இரண்டு அனுப்புகிறேன்.

ஒன்றில், கல்யாணப் பெண்ணை டாக்ஸியில் ஏற்றுகிறார்கள். வாத்தியக்காரர்கள் முன்னால் நடக்க, டாக்ஸி அவர்கள் வேகத்துக்கு ஊர்கிறது. பெண் அழ வேண்டிய இடத்தில் டிரைவர் காசெட்டில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டான். அவள் அழுதுகொண்டே தாளம் போட்டாள், விரலைப் பார். இன்னொன்று, புது பஸ் நிலையம். கிழக்கு எல்லைக்குப் போகும் இரவு பஸ்ஸின் கூரையில் ஒருவர் ஆட்டையும் ஒரு கலர் டிவியையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார். ஆடு டிவியில் தன் முகத்தைப் பார்க்கிறது.

அப்பாவின் காலைக் கேள்வி இன்னும் தொடர்கிறது. மாப்பிள்ளை யாரும் இதுவரை தட்டுப்படவில்லை.

அவசரத்தில் எழுதுகிறேன். அண்ணிக்கு அன்பு.

ஷோபா


காலிம்போங்
19 மார்ச் 1994

ஷோபா,

நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். நேற்று லீவு. மழை. நாள் முழுக்க உன் படங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நடுவில் இருக்கும் ஆட்களை எனக்கு மனப்பாடமாகிவிட்டது, அதனால் ஓரங்களில் இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பல்வலிச் சாமி படத்தில் வலது ஓரத்தைப் பார். கறுப்புத் தொப்பி. கோட்டுக் காலரின் பின்பக்கம் குடையைக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். முதுகுதான் தெரிகிறது. டிராலி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் கடைசி ஆளைப் பார். அதே முதுகு, அதே குடை. பஸ் நிலையத்தில், ஆட்டுக்குக் கீழே, பஸ்ஸின் பலகையைப் படிக்கிறவர் மாதிரி நிற்பவரையும் பார்.

மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் குடையைக் காலரில் தொங்கவிட்டு நடக்கிறவர் அந்த ஊரில் எத்தனை பேர்? அது அப்பா.

ரமிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் கண்ணாலம் கேக்க அவர்கிட்ட போனப்போ நான் அவர் மூஞ்சியைப் பாக்கவே இல்ல, தலையைக் குனிஞ்சே நின்னேன். முதுகு பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த பஸ் எங்கள் எல்லைக்கு வருகிற பஸ். அவர் எதற்கு அங்கே போய் நின்றார்? இங்கே வர நினைக்கிறாரா? உனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாயா? ராத்திரி முழுக்க ஒரு பஸ் மலை ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரி கனவு. உடனே எழுது.

அண்ணன்


காலிம்போங்
10 மே 1994

அன்புள்ள ஷோபாவுக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? இரண்டு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்டது தப்பாக இருந்தால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

ரமிலா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஹர்ஷ


காத்மாண்டு
12 ஜூன் 1994

என் தாஜுவுக்கு,

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் நலம். என்மேல்தான் தப்பு. முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஃபிலிமில் வெளிச்சம் படவில்லை. படம் நன்றாகவே வந்திருந்தது. அதில் உன் மண்டலம் இல்லை.

அம்மா உன் இடத்தை மெழுகி மட்டும் வைத்தாள். அப்பா எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாவுக் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் அங்கே குந்தியிருந்தாள், பிறகு நகர்ந்து அடுத்ததை வரைந்தாள். சித்தப்பா மகனுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் செம்மண் ஈரம். பூஜை முடியும் வரை அது காயவே இல்லை. உனக்கு அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னேன்.

இனி முதுகு விஷயம். உன் கடிதம் வந்ததும் நெகட்டிவ்களை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீ மூன்றில் கண்டுபிடித்தாய். நான் அனுப்பாதவற்றில் இன்னும் எத்தனையோ. அனுப்பியதிலேயே, கல்யாண டாக்ஸிக்குப் பின்னால்கூட இருக்கிறார், நீ கவனிக்கவில்லை. நான் எடுத்த படங்களில் எனக்கே தெரியாமல் என் அப்பா! தெருப்படம் எடுப்பவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாகப் போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வயதுக்கு வந்த பெண்ணை வேவு பார்க்கிறாரா? அதனால் பரீட்சை வைத்தேன். வெண்கருணாமயர் சாமியின் தேர் வரும் நாளன்று காலையில், "இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்றார். "அசன் முக்குல, அன்னபூர்ணா கோயில்கிட்ட" என்றேன். முன்னாலேயே போய் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒளிந்துகொண்டேன்.

தேர் வந்தது. உனக்குத் தெரியுமே, உச்சி கோபுரம் மின்கம்பியில் மாட்டாமல் இருக்க, ஆட்கள் கவைக்கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள். இந்த வருஷம் டெலிபோன் கம்பி, கேபிள் டிவி கம்பி எல்லாம் சேர்ந்து வானமே சிக்கலாகிக் கிடந்தது. அத்தனை கூச்சலிலும் அப்பா மட்டும் தேரைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, எம்பி எம்பி என்னைத் தேடினார். நான் இறங்கிப் போய், அவரைப் பார்க்காத மாதிரி கேமராவைத் தூக்கினேன். உடனே கூட்டத்தை இடித்துக்கொண்டு நாலெட்டு வலப்பக்கம் நகர்ந்தார். நின்றார். முதுகைத் திருப்பிக்கொண்டார். பிறகு, தாஜு, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டார்.

படம் பிடிக்கும்போது யார் தொப்பியைச் சரிபண்ணுவார்கள்? படத்தில் விழ வேண்டும் என்று நிற்கிறவர்தானே? காவலுக்கு வருகிறவர் என் பின்னால் அல்லவா நிற்க வேண்டும், எப்போதும் லென்ஸுக்கு முன்னால் ஏன் நிற்கிறார்?

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "அவன் கடுதாசி உன் பையில கெடக்குது, நீ படத்தை உறையில போட்டு ஒட்டுறே. பசை வாசனை வீடு பூரா அடிக்குது. அவருக்கென்ன கண்ணும் மூக்கும் இல்லையா? படம் எங்க போகுதுன்னு முதல் நாளே அவருக்குத் தெரியும்டி" என்றாள். "அப்ப திரும்பி நிக்கலாம்ல?" என்றேன். "முகத்துல முழிக்க மாட்டேன்னுல்ல சொல்லித் தொலைச்சாரு. முதுகைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!" என்றாள்.

நிலைப்படியைத் தாண்டுகிறார், தாஜு.

பஸ் நிலையத்துக்கு அவர் வந்தது நான் அங்கே இருந்ததால்தான். உன் கனவில் ஓடும் பஸ்ஸை நிறுத்துவதற்கு மன்னித்துக்கொள். இத்தோடு தேர்ப் படத்தை அனுப்பியிருக்கிறேன். வலது ஓரத்தைப் பார்.

உன் பொய்க்காரத் தங்கை,
ஷோபா


காலிம்போங்
15 ஜூலை 1994

ஷோபாவுக்கு ஆசிகள். அம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம்.

மண்டலம் இல்லை என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதியை ரமிலாதான் படித்தாள். படித்துவிட்டு நேரே பண்ணைக்கே வந்துவிட்டாள், மழையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. "உக்காந்து அழுததெல்லாம் போதும். அடுத்த பக்கத்தைப் படி" என்றாள்.

எனக்கு இன்னமும் கோபம் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். ஈரமாகவே கிடந்ததாக நீ எழுதிய அந்த இடம் கண்முன்னால் இருக்கிறது. அதன் பக்கத்தில் அம்மா மாவுக் கிண்ணத்தோடு குந்தியிருக்கிறாள். ஆனால் தேர்ப் படத்தையும் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். அத்தனை கம்பிக்கும் கவைக்கம்புக்கும் கீழே எனக்காக ஒரு முதுகு நிமிர்ந்து நிற்கிறது. கோட்டின் இடது தோளில் தையல் விட்டிருக்கிறது, அம்மாவிடம் சொல்லித் தைக்கச் சொல்.

எங்கள் முதலாளியின் கேமராவை வாங்கி, தோட்டக்காரரை விட்டு ஒரு படம் எடுத்தோம். ரமிலாவின் யோசனை. நானும், சால்வை போர்த்திக்கொண்டு அவளும் கொட்டகை வாசலில், மேகத்தைப் பார்த்தபடி நிற்கிறோம். முதுகுதான். "அவரு காட்டுறதைத்தானே நாமளும் காட்டணும், அதான் மரியாதை" என்கிறாள். தோட்டக்காரர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். படத்தை எங்காவது அவர் கண்ணில் படுகிற மாதிரி வை. கையில் கொடுத்துவிடாதே.

அண்ணன்


காத்மாண்டு
25 செப்டம்பர் 1994

அன்புள்ள தாஜுவுக்கும் அண்ணிக்கும்,

நமஸ்காரம். மழை விட்டுவிட்டது. இந்திர ஜாத்திரை முடிந்து ஊர் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் முழங்காலும் அப்படித்தான்.

உங்கள் படத்தைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், துணி அளக்கும் கோலின் மேல் சாய்த்து வைத்தேன். அன்று முழுக்க அப்பா அளக்கவே இல்லை. வந்தவர்களை எல்லாம் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் படம் அங்கே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னார். "அந்தச் சால்வை மட்ட ரகம். மலைக் குளிரு ஒரு வாரம் தாங்காது."

அம்மா, "எந்தச் சால்வை?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"எந்தச் சால்வையோ. பொதுவாச் சொன்னேன்."

சாப்பாடு முடிந்து பார்த்தால் என் கேமராப் பையின்மேல் ஒரு பொட்டலம். நம் கடையின் உசத்தியான பஷ்மினா, சிவப்புக் கரை. யாருக்கு என்று எழுதவில்லை. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், அண்ணிக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, முதுகுப் படத்திலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

ஜாத்திரையில் நான் எடுத்ததையும் பார். அரக்கன் முகமூடி போட்ட லாக்கே ஆட்டக்காரர் ஆடிக் களைத்து, முகமூடியை மேலே தூக்கிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். அப்பா அவருக்கு ஒட்டினாற்போல நிற்கிறார். முன்பு ஓரத்தில் நின்றவர், இப்போது பாதிப் படத்துக்கு வந்துவிட்டார். முதுகு மட்டும் மாறவில்லை. அண்ணி பார்க்க வேண்டும் என்றோ என்னவோ புதுக் கோட்டு.

ஆனால் வருஷப் பிறப்பு நெருங்க நெருங்க நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா இப்போதே, "அண்ணன் அவளை வரிசையில சேத்தா நான் என் மண்டலத்தை மாடியிலேயே போட்டுக்கறேன்" என்று படியில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா காதில் விழுந்ததா, தெரியவில்லை. சால்வை ஒரு விஷயம், தாஜு. மண்டலம் ஊரறிய வரைவது. ரொம்பவும் நம்பிக்கை வைத்துக்கொள்ளாதே. நான் வைத்திருக்கிறேன், அது என் தலையெழுத்து.

ஷோபா


காத்மாண்டு
7 நவம்பர் 1994

தாஜு, அண்ணி,

உங்கள் ஆயுசு நீளட்டும். இங்கே எல்லோரும் நலம், நிஜமாகவே நலம்.

அம்மா தரையை மெழுகினாள். அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, அவர் மகனுக்கு என்று வரிசையாக வரைந்துகொண்டே வந்தாள். உன் இடம் வந்ததும் போன வருஷம் மாதிரியே மாவுக் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். சித்தி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். 

அப்பா விளக்குத் திரிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "ரெண்டு போடு" என்றார்.

"யாருக்கு ரெண்டு?" என்றார் சித்தப்பா.

"வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு."

"ஊரு என்ன பேசும்னு யோசிச்சீங்களா அண்ணே?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் ஒரு வருஷம் போச்சு. நீ உன் மண்டலத்தைப் பாத்து உக்காரு. மாடியில போட்டுக்கறதுன்னாலும் போட்டுக்க, திரி எடுத்துட்டுப் போ."

சித்தப்பா எழுந்தார். சித்தி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டார்.

அம்மா இரண்டு வரைந்தாள். ஒன்று கொஞ்சம் கோணல். அது உன்னுடையது, அண்ணியுடையது வட்டமாகவே வந்திருக்கிறது. இரண்டிலும் அக்ரூட் கொட்டை வைத்து, வாடாமல்லி மாலை போட்டு, நீளத் திரி ஏற்றினாள். முட்டையும் மீனும் வைத்து, உங்கள் பங்கு அய்லா சாராயத்தையும் உயரத்திலிருந்து ஊற்றினாள்.

வரிசை உட்கார்ந்த பிறகு முடிகிற வரை யாரும் எழக்கூடாதே. கேமரா என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் இருக்கிறது. எப்படி எடுப்பேன்? அழுகை வந்துவிட்டது. அப்போது அப்பா எழுந்தார்.

"அண்ணே, நடுவுல எழக்கூடாது!" என்று சித்தப்பா பதறினார்.

"எந்திரிச்சாச்சே" என்று சொல்லிவிட்டு, வரிசைக்குப் பின்னால் சுற்றி வந்து கேமராவை எடுத்தார். "எங்கடி அமுக்கணும்?" என்றார். சொன்னேன். முதலில் தப்பான கண்ணை மூடினார். பிறகு சரியானதை மூடினார். உங்கள் இரண்டு மண்டலங்களுக்கும் நேர் எதிரே போய், முட்டி போட்டு உட்கார்ந்து, கேமராவை முகத்தில் வைத்தவர் வைத்தவர்தான். திரி பாதி எரிந்துவிட்டது. அம்மா, "போதும், எடுங்க" என்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் அமுக்கினார்.

படத்தை அனுப்பியிருக்கிறேன். கை ஆடிப்போய் ஒவ்வொரு சுடரும் இரண்டாகத் தெரிகிறது. மண்டலங்கள் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி இருக்கின்றன. வேறு யார் எடுத்திருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பேன். நான் இதுவரை எடுத்த எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

வழக்கம்போல ஓரத்தில் அவரைத் தேடாதே. இதில் அவர் இல்லை. வருஷம் முழுக்க உனக்கு முதுகைக் காட்டியவர் இதில்தான் உன்னை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். முகத்தைக் கேமரா மறைத்துக்கொண்டிருந்தது, அதனால் சொன்ன சொல்லும் தப்பவில்லை. பாவி மனுஷன்!

அண்ணன் தம்பிகளுக்குச் செய்யும் பூஜையை மறுநாள் காலி மணையை வைத்துச் செய்தேன். உன் வாடாமல்லி மாலை இத்துடன் இருக்கிறது.

ஷோபா


காலிம்போங்
20 நவம்பர் 1994

ஷோபா,

நாங்கள் நலம். மாலை வாடாமல் வந்து சேர்ந்தது. படத்தை ரமிலா கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். "கோணலா இருக்கிறது உன்னுது, வட்டமா இருக்கிறது என்னுது" என்று பக்கத்து வீடு பூராவும் காட்டிவிட்டு வந்தாள். வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை எல்லையில் இரவு பஸ் ஏறுகிறோம். விடிந்ததும் பஸ் நிலையத்தில் இறங்குவோம். சிவப்புக் கரைச் சால்வை எங்களை அடையாளம் காட்டும்.

சனிக்கிழமை காலை அப்பா தேநீரை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எந்தப் பக்கம் போறே?" என்று கேட்பார். பஸ் நிலையம் என்று சொல். வருவார். நீ கேமராவைத் தூக்கியதும் நாலெட்டு நகர்ந்து, முதுகைத் திருப்பி, தொப்பியைச் சரிபண்ணிக்கொள்வார்.

அப்படியே நிற்கட்டும். அவர் திரும்ப வேண்டாம். நாங்கள் பின்னாலிருந்து வருகிறோம்.

உன் அண்ணன்,
ஹர்ஷ ரத்ன